சூப்பைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்

வீட்டுப் பெரியவர்களோடு ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கடைக்குப் போகிறீர்கள் என்றால், கிண்ணத்தின் மேலே என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். அடியில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். மேலே இருப்பது கோழியா, காளானா, முட்டையா என்பது மெனு படத்திலேயே தெரிந்துவிடும். பிடிக்காததை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். சூப்பை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது.

இதை எங்கள் தலையில் ஏற்றியவர் என் கொழுந்தனார். 1982-ல் மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் 'கிழக்கு நோக்கும் கொள்கை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார் அல்லவா? அதன் வழியாக உபகாரச் சம்பளம் பெற்று ஜப்பானுக்குப் படிக்கப் போன பிள்ளைகளில் இவரும் ஒருவர். படித்தது கியூஷு தீவில், ஃபுகுவோகாவில். ராமென் ஊர் அது. ஊர் திரும்பியதிலிருந்து கோலாலம்பூரில் எந்த ஜப்பானியக் கடைக்குப் போனாலும் வழிகாட்டி அவர்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பது வேறு விஷயம்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் சிக்கல் புரியும். மாமியார் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. வீட்டுக்காரர் கோழி, மீன், பன்றி எல்லாம் சாப்பிடுவார், மாட்டிறைச்சி மட்டும் கூடாது. எனக்குப் பன்றியும் ஆகாது. மகளுக்கு 14 வயது. ஜப்பானியக் கார்ட்டூனில் ஆவி பறக்கும் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்து, அசல் பன்றி எலும்பு சூப் குடித்தே தீருவேன் என்று நிற்கிறாள். மகனுக்கு 6 வயது, எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பான். இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுவும் சண்டை இல்லாமல்.

ராமென் கடை மெனுவில் ஷியோ, ஷோயு, மிசோ, தொன்கொட்சு என்று நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். இதில் முதல் மூன்றும் உப்பு, சோயா சாறு, சோயா விழுது என்று சுவையூட்டும் பொருளை மட்டுமே சொல்கின்றன. எந்த எலும்பை வேகவைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 'மிசோ ராமென்' என்று படித்துவிட்டு, சோயாதானே, சைவம்தானே என்று நம் ஆட்கள் ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். மிசோவைக் கரைப்பது பெரும்பாலும் கோழி எலும்புச் சாற்றில், அல்லது பன்றி எலும்புச் சாற்றில். நான்காவதான தொன்கொட்சுவில் மட்டும்தான் ஒளிவு மறைவு இல்லை. அது பன்றி எலும்பு, பல மணி நேரம் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தது. எலும்பிலுள்ள கொழுப்பும் பசையும் தண்ணீரோடு கலந்து பால் போல வெள்ளையாகிவிடும். கோழி எலும்பையும் அதே மாதிரி வேகவைத்து வெள்ளையாக்குவார்கள், அதற்குத் தோரி பைதான் என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் படத்தை நம்பக் கூடாது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. ஹலால் முத்திரை இருந்தால் நமக்கும் பிரச்சினை இல்லை என்று பல இந்துக் குடும்பங்கள் நினைக்கின்றன. முஸ்லிம் நண்பர்களோடு போகும்போது அந்த முத்திரை கட்டாயம் வேண்டும், 'பன்றி இல்லை' என்று மட்டும் எழுதி ஒட்டியிருப்பது அதற்குச் சமமாகாது. ஆனால் நம் வீட்டுக் கணக்கு வேறு. ஹலால் கடையில் பன்றிக்குப் பதிலாகப் பல நேரம் வருவது மாடுதான். கிண்ணத்தின் மேல் மெல்லிய துண்டுகளாக அடுக்கியிருப்பதும் மாடாக இருக்கலாம், சூப்பின் அடியிலும் மாட்டெலும்பு இருக்கலாம். பன்றி விற்கும் கடையில் மாடு இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஆக, முத்திரை ஒரு கேள்விக்குத்தான் பதில், எலும்பைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு மலாய் போதும். "சூப் இனி டாரி துலாங் அபா?" (இந்த சூப் எந்த எலும்பில் செய்தது?) அவ்வளவுதான். சைவம் சாப்பிடுபவர் இருந்தால் "அடா இகான் தாக்?" (மீன் இருக்கிறதா?) என்று இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் எலும்பு இல்லாத சூப்பிலும் மீன் இருக்கலாம்.

அந்த மீன் சமாச்சாரம் மாமியாருக்கு முதலில் பிடிபடவே இல்லை. "சூப்பில மீன் துண்டே காணோமே?" என்றார். ஜப்பானியச் சமையலில் தாஷி என்று ஒரு சாறு இருக்கிறது. கொம்பு என்ற கடற்பாசியையும் காட்சுஓபுஷி என்ற மீனையும் சூடான தண்ணீரில் போட்டு இறக்கி வடிகட்டுவார்கள். காட்சுஓபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்தது. நமக்குப் புதுசு இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அதே மீன், ஏறத்தாழ அதே பக்குவம். "அட, மாசியா!" என்று சொன்னதும் மாமியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சூப்பு, சோபா (பக்வீட் நூடுல்ஸ்) தொட்டுக்கொள்ளும் சாறு, தெம்புரா சாறு, முட்டைப் பொரியல், சில கடைகளில் கீரைக் கூட்டு வரைக்கும் இந்தத் தாஷி புகுந்திருக்கும். 1908-ல் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புவிலிருந்துதான் உமாமி என்ற ஆழ்ந்த ருசிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அஜினோமோட்டோ. அதாவது, கடற்பாசியிலேயே சுவை கிடைக்கும். மீன் இல்லாமலும் தாஷி போடலாம், புத்த மடங்களில் கொம்புவும் காய்ந்த காளானும் வைத்துப் போடுகிறார்கள். நம் பேரங்காடிக் கடைகளில் அதை எதிர்பார்க்காதீர்கள். மெனுவில் 'வீகன்' என்று தனியாகப் போட்டிருந்தால் மட்டும் நம்பலாம், அப்போதும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, போன கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது காஜாங்கில். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, எம்ஆர்டி ரயில் ஏறி நேராகக் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் இறங்கினோம். வண்டியில் போயிருந்தால் நிறுத்துமிடம் தேடியே பாதிப் பசி போயிருக்கும். 12 மணிக்கு மேல் அந்தக் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது, கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட வேண்டும் என்று கொழுந்தனார் விரட்டினார். விரட்டியும், வீட்டுக்காரர் சாவி தேடி முடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வரிசைக்கென்று சில நடைமுறைகள் இருக்கின்றன. வாசலில் ஒரு பலகையில் கியூஆர் ஒட்டியிருப்பார்கள், அதில் எண் எடுக்காமல் சும்மா நின்றால் நாள் முழுக்க நிற்கலாம். பல கடைகளில் கூட்டம் முழுதாக வந்து சேர்ந்தால்தான் உட்கார வைப்பார்கள். அதனால் ஒருவர் கழிவறைக்கும் இன்னொருவர் பொம்மைக் கடைக்கும் போயிருக்கும்போது எண்ணைக் கூப்பிட்டால், அடுத்த குடும்பம் உள்ளே போய்விடும். வயதானவர்களுக்கு வாசலில் நாற்காலி கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. எண் எடுக்கும்போதே "முதுகு சாயும் இருக்கை வேண்டும்" என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சமையலறையைப் பார்த்தபடி உயரமான முக்காலிதான் கிடைக்கும். எங்கள் மகளுக்கு அதுதான் சொர்க்கம், முட்டிவலிக்காரருக்கு நரகம்.

காத்திருந்த நேரத்தில் மகன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் ராமெனைவிட்டு நகரவே இல்லை. ஜப்பானில் குஜோ ஹாச்சிமான் என்ற ஊர் இந்த மாதிரி உணவு பொம்மைகள் செய்வதற்கே பேர் போனதாம். முட்டையின் மஞ்சள் கரு பாதி இளகி நிற்பதைக்கூட அச்சு அசலாகச் செய்திருந்தார்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் மேசையில் இன்னொரு கியூஆர். கைப்பேசியிலேயே ஆர்டர் கொடுக்கச் சொல்கிறார்கள். இளசுகளுக்கு வசதிதான். ஆனால் கைப்பேசியிடம் எலும்பைப் பற்றிக் கேட்க முடியாது. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டேன். 'வெஜிடபிள் ராமென்' என்று போட்டிருந்ததைக் காட்டி, சூப் எதில் என்று கேட்டேன். "சாயுர், காக்" என்றாள் உடனே. காய்கறிதான், அக்கா. கொழுந்தனார் மெதுவாக, "அண்ணி, உள்ளே போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார். போனாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு. "சூப் அயாம், காக். அத்தாஸ் சஹாஜா சாயுர்." மேலேதான் காய்கறி, சூப் கோழியாம். அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். மெனுவில் இருந்ததைத்தான் அவள் சொன்னாள். சமையலறைக்குப் போய்க் கேட்டு வரச் சொல்வதில் கூச்சப்படக் கூடாது, அவ்வளவுதான்.

மாமியாருக்கு என்ன செய்தோம் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சளாக இருக்கும் ராமென் மீயில் (நூடுல்ஸில்) முட்டை இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். மஞ்சள் நிறம் வருவது கான்சுய் என்ற காரத் தண்ணீரால், மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரிக் காரம். நம் மார்க்கெட்டில் விற்கும் மஞ்சள் மீயிலும் அதே மாதிரி காரம்தான் சேர்க்கிறார்கள். ஆனாலும் சில கடைகள் ராமென் மாவில் முட்டையும் சேர்க்கும். உடோனில் அந்தக் கவலை இல்லை. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றே மூன்று. தடிமனாக, வெள்ளையாக வழவழவென்று இருக்கும். குளிர்ந்த உடோனை மூங்கில் தட்டில் வைத்துத் தரும் வகையைச் சொன்னோம். தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில் தாஷி இருக்கும் என்பதால் அது வேண்டாம், வெறும் சோயா சாறு, துருவிய இஞ்சி, எள், வெங்காயத்தாள் தனித்தனியாகக் கொடுங்கள் என்றோம். கொழுந்தனார் எல்லாவற்றையும் பிசறி, மேலே ஷிச்சிமி தூவினார். மிளகாய், எள், ஆரஞ்சுத் தோல் என்று ஏழு சாமான் கலந்த பொடி அது. கூடவே வெள்ளரிக்காய் வைத்து உருட்டிய சூஷியும் உப்புப் போட்டு அவித்த எடமாமே என்ற பச்சைச் சோயாக் காயும்.

மாமியார் முள்கரண்டியால் முதல் வாய் எடுத்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "காரம் பத்தல" என்றார். மிளகாய் எண்ணெய் கேட்டு வாங்கினோம், அதிலும் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான். அப்புறம் தட்டைக் காலி செய்துவிட்டார்.

தெம்புராவைப் பார்த்து அவருக்கும் ஆசைதான், நம் பஜ்ஜி போலத்தானே தெரிகிறது. வழக்கமான தெம்புரா மாவில் முட்டை உண்டு, இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்திரிக்காயும் பொரியும். வேண்டாம் என்றுவிட்டார். பொரித்த டோஃபு ஒன்று மகளுக்கு வந்தது. அதன் மேல் மெல்லிய தாள் மாதிரிச் சீவல்கள், ஆவி பட்டு நெளிந்துகொண்டிருந்தன. மகன் "உயிரோட இருக்கு!" என்று கத்தியதில் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது. மேலே சொன்ன மாசிதான், சீவிய வடிவில்.

வீட்டுக்காரர் 'கறி உடோன்' என்ற பெயரைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. ஜப்பானியர்களுக்குக் கறி நம்மிடமிருந்து நேராகப் போகவில்லை, மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போனது. மாவு கரைத்துக் கெட்டியாக்கி, இனிப்பு தூக்கலாக இருக்கும். ஜப்பானில் விற்கும் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேரும், அதனால் இதையும் கேட்டுவிட்டே சொல்லுங்கள். அங்கே கோழிதான் என்றார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா கறின்னு பேரு?" என்று என்னைப் பார்த்தார். நான் சமைக்கவில்லையே என்றேன்.

சாப்ஸ்டிக் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோழி கியோசா (கொழுக்கட்டை மாதிரி) ஒன்றை மகள் தன் குச்சியால் தம்பிக்கு நீட்ட, அவன் தன் குச்சியால் அதைப் பிடிக்கப் போனான். கொழுந்தனார் சட்டென்று தடுத்தார். ஜப்பானில் தகனம் முடிந்த பிறகு குடும்பத்தார் எலும்பைக் குச்சியால் எடுத்து, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றிக் கலயத்தில் இடுவார்கள். சாப்பாட்டு மேசையில் அப்படிச் செய்வது அபசகுனம். சோற்றில் குச்சியை நட்டு வைப்பதும் அப்படித்தான், இறந்தவருக்குப் படைக்கிற முறை அது. பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசிப்பதற்குள் மாமியார், "சாம்பல் கரைக்கிறதுக்கு முன்னாடி நாம எலும்பு பொறுக்குறோமே, அதுதான்" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பெரியப்பாவ ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கூட்டிட்டுப் போனான். பொறுக்க எலும்புகூடக் கிடைக்கல" என்றார். இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் போன தமிழர்களில் அந்தப் பெரியப்பாவும் ஒருவர். வீட்டில் இதை மாமியார் சொல்லிக் கேட்டதே இல்லை. மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "நீ சாப்பிடு, ஆறிடும்" என்றார். அன்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அவள் பாட்டியைத் துளைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

மகளின் தொன்கொட்சு தனியாக வந்தது. தனியாக என்றால், அவள் மேசையின் ஒரு ஓரத்தில், சித்தப்பா பக்கத்தில். பன்றி சாப்பிடுபவரையும் சைவத்தையும் எதிரெதிரே உட்கார வைக்காமல் இருப்பது ஒரு சின்ன ஏற்பாடு, ஆனால் பெரிய நிம்மதி. ஃபுகுவோகா பாணி மீ மெல்லியது, சூப்பிலேயே ஊறிக்கொண்டே போகும். எவ்வளவு வேக வேண்டும் என்று கடையில் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குழைவாக இருக்கட்டும் என்று நாம் நினைப்போம். மெதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் விறைப்பாகவே கேட்க வேண்டும் என்பது கொழுந்தனார் கட்சி, அவர்கள் பாதியைத் தாண்டும்போது அது தானாகவே குழைந்துவிடும். அதை மகனிடம் சோதித்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. அவனுக்கென்று கோழி ராமென் ஒன்று முழுசாக வாங்கவில்லை. என் கிண்ணத்திலிருந்து ஒரு குட்டிக் கிண்ணத்தில் பிரித்துக் கொடுத்தேன். காலிக் கிண்ணம் கேட்டால் தருவார்கள். கொதிக்கும் சூப்பைச் சிறுபிள்ளை முன்னால் வைப்பதைவிட அது நல்லது.

பசி அடங்காதவர்கள் இரண்டாவது கிண்ணம் வாங்க வேண்டாம். சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு 'கயெதாமா' என்றால், மீ மட்டும் வேகவைத்துக் கொண்டுவந்து போடுவார்கள், விலையும் குறைவு. கொழுந்தனார் அதற்காகவே சூப்பைத் தொடாமல் வைத்திருப்பார். தாப்பாவ் (பார்சல்) மட்டும் வேண்டாம். மீயும் சூப்பும் தனித்தனியாகக் கட்டித் தந்தாலும் காஜாங் போய்ச் சேர்வதற்குள் மீ ஒரே கட்டியாகிவிடும்.

சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தால்தான் மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. சூப்போடு முழுசாகக் குடித்தால் ஒரே கிண்ணத்தில் அந்த அளவை எட்டிவிடும் ராமென்கள் உண்டு. என் வீட்டுக்காரருக்குப் பாதியோடு போதும் என்று கிண்ணத்தை நகர்த்திவிடுவேன். முறைப்பார். முறைக்கட்டும்.

பில் வந்தபோது மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மெனுவில் 30 வெள்ளி (ரிங்கிட்), 40 வெள்ளி என்று இருப்பதன் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் ஏறும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரியை 8 விழுக்காடாக உயர்த்தியபோதும் சாப்பாட்டுக்கு 6 தான் என்று விட்டுவைத்தார்கள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 116 வெள்ளி அளவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பல கடைகள் போடும், திரும்பத் திரும்ப ஊற்றித் தருவார்கள். பாதிப் பேர் தண்ணீர்தான் குடிப்பார்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இந்தக் காசுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில எல்லாருக்கும் வாழை இலைச் சாப்பாடு, ரெண்டு தடவை" என்றார் மாமியார். உண்மைதான், மறுக்கவில்லை.

சைவம் சாப்பிடுபவரோடு போகிறவர்கள் முதல் நாளே கடைக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வருவதற்கு முன், 3 மணியிலிருந்து 5 மணிக்குள் கூப்பிட்டால் சமையலறையில் விசாரித்துப் பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும். "வெஜிடேரியன் இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "சூப் எதிலிருந்து செய்கிறீர்கள், அதில் மீன் உண்டா?" என்று கேளுங்கள்.